ஞாயிற்றுக்கிழமை போன்

முதல் தடவை பார்த்தபோது அன்புச்செல்வியை எனக்குப் பிடிக்கவில்லை. தலை நிறையக் கனகாம்பரம், நெற்றியில் பெரிய சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு, கழுத்தில் புது மஞ்சள் கயிறு. பிள்ளைக்குப் பேச்சு நின்றுவிட்டது என்று கூட்டி வந்தவள் இப்படியா சீவிச் சிங்காரித்துக்கொண்டு வருவாள் என்று எனக்கு எரிச்சல். என் மகள் ஜனனிக்கு ஐந்து வயதாகியும் கால் ஊன்றி நிற்க வராது. அவளைத் தூக்கிக்கொண்டு வந்து வந்து, அந்தப் பயிற்சி மையத்தின் பெஞ்சில் எனக்கென்று ஓர் இடமே ஆகியிருந்தது. பெஞ்சில் உட்காரும் அம்மாக்களுக்கு ஒரு முகம் உண்டு. தூக்கம் கெட்டு, தலையை அள்ளி முடிந்துகொண்டு, யார் என்ன கேட்டாலும் அழுதுவிடத் தயாராக இருக்கும் முகம். அன்புச்செல்விக்கும் அதே முகம்தான். அதன் மேல் எதற்கு இவ்வளவு பூ என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

கீரனூரில் திருச்சி ரோட்டை விட்டு உள்ளே தள்ளி, ஒரு வாடகை வீட்டில் நடக்கிறது அந்த மையம். முன் அறையில் கை கால் பயிற்சி, நடு அறையில் பேச்சுப் பயிற்சி, கடைசியில் விளையாட்டு அறை. அந்தக் கடைசி அறை ஹேமா மேடத்துடையது. திருமயம் பக்கத்துச் செட்டியார் வீட்டுப் பெண். சின்னப் பிள்ளைகளோடு விளையாடுவதற்கென்றே சென்னையில் போய்ப் படித்துவிட்டு வந்தவர். இதைக் கேள்விப்பட்டபோது நான் வாய்விட்டுச் சிரித்தேன். சதா விளையாடுகிறதே என்றுதான் நாம் பிள்ளையை அடிக்கிறோம், இங்கே என்னடாவென்றால் விளையாட வைக்க ஓர் ஆளைப் போட்டிருக்கிறார்கள் என்று என் வீட்டுக்காரர் நாகராசுவிடம் சொல்லிக் கேலி செய்தேன்.

அப்புறம் ஜனனியையும் அந்த அறைக்குள் விட்டார்கள். அவள் ஒரு பொம்மையை எடுத்து அதன் இரண்டு காலையும் துணியால் இறுக்கிக் கட்டி, தரையில் அடி அடியென்று அடித்திருக்கிறாள். ஹேமா தடுக்கவில்லை, ஏன் என்று கேட்கவும் இல்லை. பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, "காலைக் கட்டிட்ட. ரொம்பக் கோவமா இருக்கு" என்று மட்டும் சொன்னாராம். நடக்க வராத என் பிள்ளைக்குத் தன் கால் மேல் அவ்வளவு கோபம் இருக்கிறது என்று பெற்றவளான எனக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது. வீட்டுக்குப் போய் அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். அதற்குப் பிறகு நான் கேலி செய்வதில்லை.

அன்புச்செல்வியின் மகன் பெயர் நிலவழகன். வீட்டில் அழகு. பேருக்கு ஏற்ற பிள்ளை. நான்கு முடிந்து ஐந்து நடக்கிறது. காது நன்றாகக் கேட்கும், சொன்னதெல்லாம் புரியும், கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பான். வாய் மட்டும் திறக்க மாட்டான். பங்குனி மாதம் வரைக்கும் வாயாடி என்று பெயர் எடுத்தவனாம். சித்திரையில் ஊர் மாரியம்மன் திருவிழா நடந்த வாரத்தோடு பேச்சு நின்றுவிட்டது.

திருவிழாக் கூட்டத்தில் எதையோ பார்த்துப் பயந்துவிட்டான் என்று ஊரே தீர்ப்புச் சொல்லிவிட்டது. மந்திரித்துத் தாயத்துக் கட்டினார்கள். கோயில் மணியில் தேனைத் தடவி நாக்கில் வைத்தார்கள். திருச்சியில் இரண்டு டாக்டர்கள் தொண்டையில் லைட் அடித்துப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று அனுப்பினார்கள். கடைசியில் அங்கன்வாடி டீச்சர் முத்துமாரியம்மாள்தான் சொல்லி இங்கே அனுப்பியது. விளையாட வைக்க பஸ் ஏறிப் போகிறாளாம் என்று பின்னால் சிரித்தவர்கள் நிறையப் பேர். அறிவுரை சொல்ல மட்டும் நம் சனத்துக்கு அலுப்பே வராது.

அவள் கதையைச் செவ்வாய்க்கிழமை தோறும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்துகொண்டேன். பிறந்தது அன்னவாசல். அப்பா கொத்தனார் மேஸ்திரி. பன்னிரண்டாவது முடித்து நர்சிங் போக ஆசைப்பட்டிருக்கிறாள், நடக்கவில்லை. குளத்தூருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில் பெரியண்ணன் என்பவருக்குக் கட்டிக் கொடுத்தார்கள். மாமனார் மாமியார் அவள் வருவதற்கு முன்னமே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். வீட்டில் ஒரே ஒரு கொழுந்தன், உதயசூரியன். குளத்தூரில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறான். பெரியண்ணன் வெல்டர் வேலைக்குச் சிங்கப்பூர் போனபோது அழகு தவழ்ந்துகொண்டிருந்தானாம். அப்பன் முகத்தை அவன் போனில் பார்த்துப் பழகியவன். அன்புச்செல்வி கீரனூரிலிருந்து திருச்சிக்கு பஸ்ஸில் போய் ஒரு துணிக்கடையில் நின்றுகொண்டிருந்தாள். பிள்ளை வாயை மூடியதும் வேலையை விட்டுவிட்டாள்.

"அவங்கப்பா பேசுவாராம்மா?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம பேசுவாருக்கா" என்றாள். சொல்லும்போது கையிலிருந்த தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தாள். புருஷன் நினைப்பு போல என்று நானும் விட்டுவிட்டேன்.

விளையாட்டு அறையில் ஒரு மணல் தொட்டி உண்டு. அடுப்பு, சட்டி, பொம்மைகள், மாடு, கார், ஒரு பிளாஸ்டிக் போன், எல்லாம் அலமாரியில் இருக்கும். எதை வேண்டுமானாலும் பிள்ளை எடுக்கலாம். அழகு உள்ளே போனதும் போனைத்தான் எடுப்பான். மணல் தொட்டியில் குழி தோண்டி அதை உள்ளே வைப்பான். மணலைப் பிடி பிடியாக அள்ளிப் போட்டு மூடுவான். உள்ளங்கையால் தட்டித் தட்டிச் சமப்படுத்துவான். அப்புறம் குனிந்து மணலில் காதை வைத்துக் கேட்பான். ஒவ்வொரு வாரமும் இதேதான். வேறு விளையாட்டே கிடையாது.

ஹேமா அன்புச்செல்வியைக் கூப்பிட்டுக் கேட்டார். வீட்டில் போன் சம்பந்தமாக ஏதாவது உண்டா, யாராவது போனைப் பிடுங்கி வைத்தார்களா, போனில் ஏதாவது சண்டை கேட்டானா. அன்புச்செல்வி எல்லாவற்றுக்கும் இல்லை இல்லை என்று தலையாட்டிவிட்டு, அப்பா ஞாயிற்றுக்கிழமை பேசுவது ஒன்றுதான் என்றாள்.

ஹேமாவுக்கு அது விளங்கிவிட்டது போல இருந்தது. நம் ஜில்லாவில் அப்பனை போனில் வைத்துக்கொண்டு வளரும் பிள்ளைகளுக்கா பஞ்சம்? அப்பா கைக்கு எட்டாத தூரத்தில் இருக்கிறார், அந்த ஏக்கத்தைத்தான் புதைத்துப் புதைத்துக் காட்டுகிறான் என்று அவர் நினைத்தார். கேட்டவர் யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். "வாரத்துல ஒரு நாள் பத்தாதுங்க நிலவழகன் அம்மா. தினமும் ஒரு நேரம் வச்சு அவங்கப்பாவப் பேசச் சொல்லுங்க. கொஞ்ச நேரம் பேசினாப் போதும், ஆனா தவறாமப் பேசணும்" என்றார்.

அன்புச்செல்வி வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். நல்ல யோசனைதானே என்றேன். அவள் முகம் வெளுத்துப் போயிருந்தது. எதற்கு என்று எனக்குத் தெரியவில்லை.

தினமும் சாயங்காலம் போன் வர ஆரம்பித்தது. பிள்ளை அதற்கப்புறம்தான் மோசமானான். படுக்கையில் ஒன்றுக்குப் போவது நின்றிருந்தது, அந்தப் பழக்கம் திரும்ப வந்தது. சாப்பாட்டைத் தட்டிவிட்டான். போன் அடித்தால் கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டான். அவளும் விடாமல் கட்டிலுக்கு அடியில் கையை நீட்டி அவன் காதில் போனை வைத்திருக்கிறாள். மேடம் சொன்ன மருந்து என்று நினைத்து வைத்திருக்கிறாள். ஒரு நாள் அவள் மணிக்கட்டில் பல் பதிந்த தழும்பைப் பார்த்தேன். கடித்துவிட்டான்க்கா என்றாள், கோபமே இல்லாமல்.

ஆயுதபூசை அன்று மையத்தில் சாமி கும்பிட்டோம். விளையாட்டுச் சாமான்களுக்கு எல்லாம் சந்தனம் வைத்து, மையத்து ஆயா குங்குமத் தட்டை ஒவ்வொருத்தியிடமாக நீட்டிக்கொண்டு வந்தார். என்னிடம் நீட்டினார், நான் எடுத்து வகிட்டில் வைத்துக்கொண்டேன். அன்புச்செல்வியிடம் நீட்டியதும் அவள் கை பாதி வரை போய், சூடு பட்டதுபோலப் பின்னால் வந்துவிட்டது. "எனக்கு வேணாம் ஆயா" என்று சுவரோடு ஒட்டி நின்றாள். நெற்றியில் பொட்டு, தலையில் பூ, கழுத்தில் கயிறு. குங்குமம் மட்டும் வேண்டாமாம்.

நம் பக்கத்தில் ஒரு பெண் எப்போது குங்குமத் தட்டுக்குப் பின்வாங்குவாள் என்று யாரும் எனக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. பிள்ளைகளை ஆயாவிடம் விட்டுவிட்டு, அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் அடிபம்புக்குப் போனேன்.

"என்னடி இது? நெசத்தச் சொல்லு."

"அக்கா, மெதுவாப் பேசுங்க. அழகு காதுல விழுந்துரும்."

"விழட்டும். ஒன் வீட்டுக்காரர் எங்க?"

அவள் பம்பின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். "மாசியிலயே எறந்துட்டாருக்கா. ராத்திரி படுத்தவரு காலையில எந்திரிக்கலையாம். திருச்சி ஏர்போட்டுக்குப் பொட்டியில வந்தாரு."

பெட்டி வருவதற்கு முதல் நாளே அழகை அன்னவாசலில் இருக்கும் அவள் அக்கா வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம். சின்னப் பிள்ளை, பார்க்க வேண்டாம் என்று. கண்மாய்க்கரையில் வைத்து மண் போட்டார்கள். மகன் போட வேண்டிய முதல் மூன்று பிடி மண்ணை, அவன் இடத்தில் நின்று உதயசூரியன் போட்டான். மறுநாள் அக்கா வீட்டிலிருந்து தகவல் வந்தது. அப்பா போன் வந்தால்தான் சாப்பிடுவேன் என்று பிள்ளை பட்டினி கிடக்கிறான். அண்ணன் தம்பி இருவருக்கும் ஒரே குரல். தொண்டை கூட ஒரே போலத்தான் கட்டும். அன்புச்செல்வி கொழுந்தன் காலில் விழாத குறையாகக் கெஞ்சியிருக்கிறாள். ஒரே ஒரு தடவை, ஒரு வாய் சோறு இறங்குவதற்காக என்று. அவன் கடைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு அண்ணனாகப் பேசினான். வீடியோ வராதுப்பா, இங்க டவர் இல்ல என்றான். பிள்ளை சாப்பிட்டுவிட்டது.

அவ்வளவுதான், அதிலிருந்து மீள முடியவில்லை. கருமாதி அன்று கழற்றிய தாலிக்குப் பதிலாக ஒரு மஞ்சள் கயிற்றை வாங்கித் தானே கட்டிக்கொண்டாள். பொட்டு இல்லாமல் பார்த்தால் பிள்ளை கேட்பான் என்று பொட்டு. ஊரில் ஒருவர் விடாமல் வீடு வீடாகப் போய், பிள்ளை முன்னால் வாயைத் திறந்துவிடாதீர்கள் என்று கும்பிட்டாள். ஊரும் கட்டுப்பட்டது. ஆனால் தண்ணீர்க் குழாயடியில் அவள் பூவைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொள்கிறவர்களை அவள் என்ன செய்ய முடியும்? இந்தப் பூவைப் பார்த்துத்தானே நானும் முதல் நாள் முகம் சுளித்தேன்.

அங்கன்வாடிக்கும் பஸ்ஸுக்கும் போக நேர் வழி கண்மாய்க்கரை. அந்தப் பக்கமே போகாமல், பிள்ளையை இழுத்துக்கொண்டு முள்ளுக்காட்டு வழியாகச் சுற்றிச் சுற்றிப் போயிருக்கிறாள்.

"ஏன்டி, மேடத்துக்கிட்டயாவது சொல்லித் தொலைஞ்சிருக்கலாம்ல?" என் குரல் எனக்கே பயமாக இருந்தது.

"மொத நா, இவன மடியில வச்சிருக்கப்ப கேட்டாங்கக்கா, அப்பா எங்கன்னு. இவன் என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருக்கான். சிங்கப்பூர்னு சொல்லிட்டேன். சொன்னத எப்புடிக்கா மாத்துறது?"

"அவுங்க தினமும் பேசச் சொன்னப்பவாச்சும் சொல்லியிருக்கணும். பிள்ள கட்டிலுக்கு அடியில போய் ஒளியிறானேடி! ஒனக்குப் பாவமா இல்ல? ஏன் நிறுத்தல?"

அவள் பம்பிலிருந்து சொட்டும் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம், "எனக்குந்தான்க்கா அந்தக் கொரல் கேக்கணும்" என்றாள். "தம்பி பேசுறப்ப நான் கதவோரம் கண்ண மூடிக்கிட்டு நிப்பேன். அந்த அஞ்சு நிமிசம் அவரு இருக்காருக்கா. பிள்ளைக்காக, பிள்ளைக்காகன்னு எல்லாத்துக்கிட்டயும் சொல்லுறேன். எனக்கும் சேத்துத்தான்க்கா."

எனக்கு இருந்த கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். ஆனாலும் என் வாய் சும்மா இருக்குமா? "அடுத்த செவ்வாய்க்குள்ள நீயே மேடத்துக்கிட்டச் சொல்லிரு. இல்ல, நான் சொல்லிருவேன்" என்று சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.

அதே வேளையில் ஹேமாவும் நெருக்கினார். பிள்ளை தேறாமல் தேய்வதைப் பார்த்து அவருக்கும் தூக்கம் போயிருக்கும். வருகிற செவ்வாய் அப்பாவை இங்கேயே போன் பண்ணச் சொல்லுங்கள், நான் அவரிடம் பேச வேண்டும் என்றார். அன்புச்செல்வி போய்க் கொழுந்தனிடம் நின்றாள். மேடத்திடமும் அண்ணனாகப் பேசு தம்பி, இந்த ஒரு தடவை என்று.

செவ்வாய்க்கிழமை போன் வரவில்லை. உதயசூரியனே வந்தான். கைவிரல் இடுக்கெல்லாம் கிரீஸ் கறுப்பு, நாலு நாள் தாடி. பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்து, "ஹேமா மேடம் இருக்காங்களாங்க?" என்று கேட்டான். அந்தக் குரலைக் கேட்டதும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. செத்தவர் குரல் இப்படித்தான் இருந்திருக்கும் என்று நினைப்பு ஓடியது.

அன்புச்செல்வி அவனைப் பார்த்து எழுந்துவிட்டாள். "தம்பி, போன்லதானே பேசச் சொன்னேன்!"

"முடியல அண்ணி. மூணு பிடி மண்ணு போட்ட கை இது. இந்தக் கையாலயே போனப் பிடிச்சுக்கிட்டு, 'அப்பா பேசுறேன்டா'ன்னு எத்தன நாளைக்கி? எங்க அண்ணனுக்காக நான் இன்னும் ஒரு நாகூட வாய்விட்டு அழல. அழுதா தொண்ட கட்டிக்கிட்டு, சாயங்காலம் பேச முடியாமப் போயிருமேன்னு அழல." சொல்லிக்கொண்டே அவன் சட்டைக் கைக்குள் முகத்தை வைத்துக்கொண்டு குலுங்கினான். ஒரு ஆம்பிளை அப்படி அழுது நான் பார்த்ததில்லை.

இருவரும் உள்ளே போனார்கள். அழகை நான் ஜனனியோடு உட்கார வைத்துக்கொண்டேன். ரொம்ப நேரம் கழித்துக் கதவு திறந்தபோது ஹேமாவின் கண்கள் சிவந்திருந்தன. அவர் யாரையும் திட்டவில்லை. "தெனமும் பேசுங்கன்னு சொன்னது நான்தானே" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். படித்தவர் என்றால் எல்லாம் முன்கூட்டியே தெரிந்திருக்குமா என்ன, மறைத்தால் யாருக்குத்தான் தெரியும்?

அப்புறம் சொன்னார். இனிமேல் அந்த போன் வரக் கூடாது. அடுத்த வாரம் இந்த அறையில் வைத்து, அவனுக்குப் பழகிய இடத்தில் வைத்து, அம்மாவே சொல்ல வேண்டும். சாமிகிட்டப் போய்விட்டார் என்று சொல்லக் கூடாது, சாமியிடம் கூட்டிப் போ என்பான். தூங்குகிறார் என்று சொல்லவே கூடாது, அப்புறம் தூங்கவே பயப்படுவான். செத்துப்போய்விட்டார் என்றுதான் சொல்ல வேண்டும்.

"அந்த வார்த்தைய என் வாயால நானே இன்னும் சொன்னதில்ல மேடம்" என்றாள் அன்புச்செல்வி. என்னிடம்கூட இறந்துட்டாரு என்றுதான் சொன்னாள் என்பது அப்போதுதான் என் நினைவுக்கு வந்தது.

அந்த வாரம் முழுக்க அவள் பட்டது நரகம். சாயங்காலம் ஆனால் அழகு கட்டிலுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டு, மேசை மேல் கிடக்கும் போனையே பார்ப்பானாம். போன் வராது. வரவில்லையே என்று அழவும் மாட்டான். அவளுக்கோ அந்த நேரம் வந்தால் காது அடைத்துக்கொள்கிறதாம். கதவோரம் போய் நிற்கிறாளாம். ஒன்றும் கேட்பதில்லை. என்னிடம் போன் பண்ணி, "இப்பத்தான்க்கா அவரு போன மாதிரி இருக்கு" என்றாள்.

அடுத்த செவ்வாய் நல்ல மழை. ஐப்பசி மழை பிடித்தால் கீரனூரில் கரண்ட் இருக்குமா? போய்விட்டது. விளையாட்டு அறையின் ஜன்னலை ஹேமா எப்போதும் சாத்தியே வைத்திருப்பார். அன்று இருட்டும் புழுக்கமும் தாங்காமல் திறந்துவிட்டார். என் பெஞ்சு அந்த ஜன்னலுக்கு நேர் கீழே. எழுந்து போயிருக்க வேண்டும்தான். காது கேட்காதவள் போல இருக்க எனக்குத் தெரியாது. ஜனனியை மடியில் இறுக்கிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

அழகோடு அன்புச்செல்வியும் உதயசூரியனும் உள்ளே இருந்தார்கள். அலமாரி திறக்கும் சத்தம். மணல் அள்ளும் சத்தம். "போனை மண்ணுக்குள்ள வச்சிட்ட" என்றார் ஹேமா, எப்போதும் போல. "மூடிட்ட. காத வச்சுக் கேக்குற." அப்புறம், "நிலவழகன் அம்மா, பக்கத்துல வாங்க" என்றார்.

"அழகு. அய்யா. அம்மாவப் பாரு" என்றாள் அன்புச்செல்வி. "அப்பா சிங்கப்பூர்ல இல்லய்யா. அப்பா..." அதோடு குரல் நின்றுவிட்டது. சொல்லிவிடடி, சொல்லிவிடடி என்று நான் கீழே உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். "அப்பா செத்துப்போயிட்டாங்கய்யா. ஒன்னய பெரியம்மா வீட்டுல விட்டோம்ல, அப்பவே செத்துப்போயிட்டாங்க. பொட்டியில கொண்டாந்தாங்க. ஒனக்குத் தெரியக் கூடாதுன்னு அம்மாதான் ஒன்னய அனுப்பிட்டேன். போன்ல பேசுனது அப்பா இல்லய்யா."

மழை ஓட்டின் மேல் கொட்டிக்கொண்டிருந்தது. அப்புறம் ஒரு குரல் கேட்டது. கரகரத்து, துருப்பிடித்த கதவைத் திறந்தது போல வந்தது. நான் இத்தனை மாதமாகக் கேட்டே இராத குரல்.

"சித்தப்பா."

"என்னப்பா?" என்றான் உதயசூரியன். பழக்கதோஷத்தில் அண்ணன் சொல்வது போலவே சொல்லிவிட்டான்.

"சித்தப்பாதான் பேசுனாங்க. மைக் செட்டு போன்லயும் கேட்டுச்சு."

எனக்கு உடனே புரியவில்லை. உள்ளே உதயசூரியன் ஓவென்று கதறியபோதுதான் புரிந்தது. திருவிழா அன்று ஞாயிற்றுக்கிழமை. ஊர் முழுக்கக் குழாய் ஸ்பீக்கர். பிள்ளை காத்திருப்பானே என்று அன்றைக்கும் அவன் எங்கோ ஒதுங்கி நின்று போன் பண்ணியிருக்கிறான். கோயிலில் மைக்கில் கூப்பிட்ட அதே சத்தம் வாசல் வழியாகவும் வந்திருக்கிறது, சிங்கப்பூர் போனிலிருந்தும் வந்திருக்கிறது. ஒரு காதில் ஊர், ஒரு காதில் அப்பா, இரண்டிலும் ஒரே மைக் செட்டு. நாலு வயதுப் பிள்ளை அன்றைக்கே கண்டுபிடித்துவிட்டது. அம்மா, சித்தப்பா, ஊர் மொத்தமும் சேர்ந்து நம்மிடம் பொய் சொல்கிறார்கள் என்று தெரிந்த பிறகு, அது யாரிடம் போய் என்ன பேசும்? அதோடு வாயை மூடியவன்தான். நாங்கள் அவன் நாக்கில் தேன் தடவிக்கொண்டிருந்தோம்.

"அப்பா எங்க?" என்று கேட்டான்.

"கம்மாக்கரையிலய்யா. அங்கதான் மண்ணுக்குள்ள வச்சிருக்கோம்."

கொஞ்சம் யோசித்திருப்பான் போல. "அதுக்குத்தான் சுத்திச் சுத்திப் போறமா?"

"ஆமாய்யா" என்றாள் அன்புச்செல்வி. அதற்குமேல் அவளால் முடியவில்லை. அவள் அழுத அழுகையில் ஜனனி பயந்து என் சேலையைப் பிடித்துக்கொண்டாள். மாசியில் அழ வேண்டிய அழுகை. புருஷன் செத்ததற்கு அவள் பிள்ளை முன்னால் அழுதது அன்றைக்குத்தான்.

அன்று பஸ்ஸை விட்டு இறங்கியதும் மூவரும் கண்மாய்க்கரை வழியாகவே போயிருக்கிறார்கள். இதை அவள் மறுவாரம் வந்து சொன்னாள். மழை விட்டிருந்ததாம். மண் மேடு பாதி கரைந்து, புல் முளைத்துக் கிடந்ததாம். அழகு மேட்டின் பக்கத்தில் நின்றுகொண்டே இருந்திருக்கிறான். உதயசூரியன் அவன் முன்னால் குத்துக்கால் இட்டு உட்கார்ந்து, "அன்னைக்கி ஒனக்குப் பதிலா நான் போட்டேன்ப்பா. இப்ப நீ போடு" என்று சொல்லியிருக்கிறான்.

எப்படி என்று அவனுக்கு யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. ஈர மண்ணை மூன்று பிடி அள்ளிப் போட்டானாம். உள்ளங்கையால் தட்டித் தட்டிச் சமப்படுத்தினானாம். அப்புறம் சேற்றில் மண்டி போட்டு, மேட்டின் மேல் காதை வைத்துக் கொஞ்ச நேரம் கேட்டிருக்கிறான்.

"ஒண்ணும் கேக்கலம்மா" என்றானாம்.

கன்னத்தில் ஒட்டியிருந்த மண்ணை முந்தானையால் துடைத்து, அவனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, அன்புச்செல்வி நேர் வழியாக வீட்டுக்குப் போயிருக்கிறாள்.